யானைக் கணக்கும் மயில் கணக்கும்: வீச்சையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வைகாசியில் யானைக் கணக்கெடுப்பு முடிந்து முடிவு வெளியானதும், "தமிழகத்தில் யானைகள் எண்ணிக்கை உயர்வு" என்று நாளிதழ்களில் தலைப்பு வருவது வழக்கமாகிவிட்டது. 2023-ல் 2,961. 2024-ல் 3,063. 2025-ல் 3,170. வருடத்துக்கு நூறு யானை கூடியதாகத்தான் யாரும் இதைப் படிப்பார்கள். தாளவாடியில் வாழையைப் பறிகொடுத்தவர், "பெருகிப்போச்சு, அதனாலதான் தோட்டத்துக்குள்ள வருது" என்கிறார். காட்டின் மேல் அக்கறை உள்ளவர், பாதுகாத்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்கிறார். இருவருக்குமே அந்த மூன்று எண்கள் சாட்சி சொல்லாது. ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் மூன்றரை சதவீதம். அவ்வளவு சிறிய மாற்றத்தைப் பிரித்துக் காட்டும் திறன் கையாளப்படும் முறைக்கு இல்லை. 2017-ல் 2,761 என்று இருந்தது. அங்கிருந்து 2023 வரை ஆறு ஆண்டில் கூடியது 200. அதன் பிறகு ஆண்டுக்கு நூறுக்கு மேல். 22 மாதம் சுமந்து, நாலைந்து வருடத்துக்கு ஒரு கன்று ஈனும் விலங்கு இப்படித் திடீரென்று வேகம் பிடிக்காது. மாநில எல்லை தாண்டி மந்தைகள் வந்திருக்கலாம். அல்லது கணக்கெடுப்பே முன்பின்னாக இருந்திருக்கலாம். இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எது என்று சொல்ல முடியாது.

வனத்துறையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மே மாத வெயிலில் ஆசனூரிலும் தலமலையிலும் பர்கூரிலும் விடியற்காலையிலிருந்து நடக்கும் வனக்காப்பாளர்கள், வேட்டைத்தடுப்புக் காவலர்களின் உழைப்பு சாதாரணமானதல்ல. அந்த உழைப்பிலிருந்து கிடைத்த எண் எவ்வளவு நம்பகமானது என்பதும், அதாவது உண்மை எண் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வீச்சும், எண்ணோடு சேர்ந்து வாசகருக்குப் போகவேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

யானைக் கணக்கெடுப்பில் முதல் நாள் நடப்பது பிளாக் கணக்கெடுப்பு. பீட் (ஒரு வனக்காப்பாளரின் பொறுப்பில் உள்ள காட்டுப் பகுதி) வாரியாகச் சுமார் 5 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் நடந்து, கண்ணில் படும் யானைகளை ஆண், பெண், வயது என்று குறிப்பார்கள். பார்த்த யானைகளை நடந்த பரப்பால் வகுத்து, மொத்தக் காட்டுப் பரப்பால் பெருக்கினால் விடை. கேட்க எளிது. எங்கே சறுக்கும் என்பதை ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கில் பார்க்கலாம். பத்து பிளாக்குகளில் கண்டவை 0, 0, 0, 3, 0, 0, 41, 0, 2, 4 என்று வைத்துக்கொள்வோம். அந்த 41, பவானிசாகர் அணையில் தண்ணீர் வற்றிப் புல் முளைத்த கரையில் நின்ற கூட்டம். மொத்தம் 50 யானை, 50 சதுர கிலோமீட்டர். சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. ஆயிரம் சதுர கிலோமீட்டர் காட்டுக்கு ஆயிரம் யானை என்று கணக்கு முடியும். அந்த மந்தை அன்று காலை பக்கத்துப் பிளாக்குக்கு, அதாவது நாம் தேர்ந்தெடுக்காத பிளாக்குக்கு, நகர்ந்திருந்தால்? அந்த ஏழாவது பிளாக்கை விட்டுவிட்டுப் பாருங்கள்: 9 யானை, 45 சதுர கிலோமீட்டர். அதே ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு இப்போது 200 யானைதான். காட்டில் ஒரு யானைகூடப் பிறக்கவில்லை, சாகவில்லை. பிளாக்குக்குச் சராசரி 5 என்றால், அந்தச் சராசரியின் திட்டப்பிழை (வேறு பிளாக்குகள் அமைந்திருந்தால் சராசரி எவ்வளவு மாறியிருக்கும் என்பதன் அளவு) மட்டும் 4. கூட்டமாகத் திரியும் எந்த விலங்குக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பிளாக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் பிழை குறையும், ஆனால் மெதுவாகத்தான் குறையும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பிளாக் வேண்டும். நீர்க்கரை, முட்காடு, இலையுதிர் காடு, சோலை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்கிடுவது இதைவிடச் சிக்கனமான வழி.

இன்னொரு குறை, பார்வை. மாயாற்றுப் பள்ளத்தாக்கின் திறந்த முட்காட்டில் 200 மீட்டர் தள்ளி நிற்கும் யானை தெரிந்துவிடும். உன்னிச்செடி மூடிய சரிவில் 15 மீட்டரில் நிற்பது தெரியாது. இரண்டு இடத்திலும் "பிளாக் முழுவதும் பார்த்தாயிற்று" என்று ஒரே மாதிரி எழுதினால், அடர்ந்த காட்டில் யானை குறைவு என்ற பொய்யான முடிவு கிடைக்கும். அண்டை மாநிலங்களோடு ஒரே நாளில் கணக்கெடுப்பது நல்ல ஏற்பாடு. ஒரே யானையைச் சத்தியமங்கலத்திலும் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலும் இரண்டு முறை எண்ணுவதை அது தடுக்கும். பார்க்காமல் விட்ட யானையை அது சேர்த்துக் கொடுக்காது.

அதனால்தான் இரண்டாம் நாள் லத்திக் கணக்கு, அதாவது யானைச் சாணக் கணக்கு. யானை ஒளிந்துகொள்ளலாம், லத்தி ஒளியாது. சுமார் 2 கிலோமீட்டர் நேர்கோட்டுப் பாதையில் மெதுவாக நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு லத்திக் குவியலுக்கும் பாதையிலிருந்து செங்குத்தாக எத்தனை மீட்டர் என்று டேப்பால் அளக்கவேண்டும். இந்தத் தூரங்களை வைத்து, பாதையோரத்தில் உள்ளது நூற்றுக்கு நூறு தெரியும், தள்ளிப்போகப்போக எவ்வளவு தவறவிடுகிறோம் என்று கணக்கிட முடியும். லத்தியின் அடர்த்தி அப்படிக் கிடைக்கும். அதை யானையாக மாற்ற இரண்டு எண்கள் தேவை: ஒரு யானை ஒரு நாளைக்கு எத்தனை முறை சாணமிடும், ஒரு குவியல் எத்தனை நாள் அடையாளம் தெரியும்படி கிடக்கும். முதலாவதற்கு முதுமலையில் கிடைத்த அளவு நாளுக்குச் சுமார் 16. இரண்டாவதைச் சுமார் 100 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர கிலோமீட்டருக்கு 1,600 குவியல் இருந்தால், 1,600-ஐ 100-ஆலும் 16-ஆலும் வகுக்க, ஒரு யானை.

பிழை பெரும்பாலும் அந்த 100-ல்தான் நுழைகிறது. கோடை மழை நன்றாகப் பெய்து, சாணி வண்டும் கரையானும் வேலை பார்த்தால் குவியல் 70 நாளில் கரைந்துவிடும். அப்போது உண்மையில் இருப்பது 1.43 யானை, நாம் எழுதுவது ஒன்று. மழை பொய்த்த வருடத்தில் மேல்தோல் காய்ந்து இறுகி 150 நாள் கிடந்தால், உண்மை 0.67, அப்போதும் நாம் எழுதுவது ஒன்றுதான். ஆக, யானை மாறாமல் இருந்தாலும் மழைக்கேற்ப "எண்ணிக்கை" ஏறி இறங்கும். இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. கணக்கெடுப்புக்கு ஐந்தாறு மாதம் முன்பிருந்தே, மாதம் ஒரு முறை, புதிதாக விழுந்த குவியல்களைத் தேடி முளை அடித்து, ஜி.பி.எஸ். குறித்து, தேதி எழுதி வைக்கவேண்டும். கணக்கெடுப்பு நடக்கும் வாரத்தில் ஒரே ஒரு முறை எல்லாவற்றையும் போய்ப் பார்த்து, எது இன்னும் இருக்கிறது, எது இல்லை என்று பதிந்தால் போதும். அந்த வருடத்துக்கு, அந்தக் காட்டுக்கு உரிய ஆயுள் அதிலிருந்து கிடைத்துவிடும். வெயிலில், நிழலில், சரிவில், பள்ளத்தில் என்று எல்லா வகை இடத்திலும் குறிக்கவேண்டும்; நடக்க வசதியான ஜீப் பாதை ஓரத்தில் மட்டும் குறித்தால் பயனில்லை. எங்கோ எப்போதோ அளந்த எண்ணைக் கடன் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாம் நாள் தண்ணீர்க் குட்டைகளில் காத்திருப்பது. ஆண், பெண், கன்று விகிதம் அறிய இது அருமையான முறை. மொத்த எண்ணிக்கைக்கு உதவாது. முந்தின இரவு ஒரு மழை பெய்தால் காடெங்கும் தண்ணீர் தேங்கி, குட்டைக்கு யானை வராது.

2025 அக்டோபரில் வெளியான மரபணு அடிப்படையிலான அகில இந்திய மதிப்பீட்டை இங்கே சொல்லவேண்டும். 21,056 லத்தி மாதிரிகளிலிருந்து 4,065 தனித்தனி யானைகளை அடையாளம் கண்டு, எந்த யானையின் லத்தி எங்கெங்கே திரும்பக் கிடைத்தது என்பதை வைத்து, நாட்டின் மொத்தம் 22,446 என்று மதிப்பிட்டார்கள். அதோடு நிறுத்தவில்லை, 18,255 முதல் 26,645 வரை இருக்கலாம் என்று வீச்சையும் சொன்னார்கள். இத்தனை ஆண்டு உழைப்பு, ஆய்வகம், ஆயிரக்கணக்கான மாதிரி எல்லாம் இருந்தும் வீச்சு எட்டாயிரம் யானை. மறைக்கவேண்டிய குறையாக இதைப் பார்க்கக்கூடாது. நேர்மையான கணக்கு இப்படித்தான் இருக்கும். முறை வேறு என்பதால் பழைய 27,312-உடன் ஒப்பிடக்கூடாது என்றும் சொன்னார்கள். ஆனாலும் "ஐயாயிரம் யானை குறைந்தது" என்ற பேச்சு எழத்தான் செய்தது. அதே அறிக்கையில் தமிழ்நாட்டுக்கு 3,136. மாநிலக் கணக்கின் 3,170-க்கு இது பக்கத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றை உறுதிப்படுத்துகிறது என்று நினைப்பதும் அவசரம். வீச்சுகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது.

திரும்பக் கிடைப்பதை வைத்து மொத்தத்தைக் கணிக்கும் இந்த யோசனை பழையது. 1802-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் இதே வகைக் கணக்கில் பிரான்சின் மக்கள்தொகையை மதிப்பிட்டார். 1896-ல் டென்மார்க்கின் பீட்டர்சன் மீன்களுக்கும், 1930-ல் அமெரிக்காவில் லிங்கன் வாத்துகளுக்கும் கொண்டுவந்தார்கள். புலிக்கு இது கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் வரி ஒவ்வொரு புலிக்கும் வேறு. இரு விலாவையும் படமெடுக்கப் பாதையின் இருபுறமும் தானியங்கி கேமரா. 2022 கணக்கெடுப்பில் நாட்டில் படத்தில் சிக்கிய தனிப் புலிகள் 3,080, மதிப்பீடு 3,682. இடையில் உள்ள அறுநூறுதான், கேமரா முன் வராததும் கேமரா இல்லாத காட்டில் இருப்பதும். தமிழ்நாட்டின் 306-ம் இப்படி வந்த மதிப்பீடே. கால்தடத்தை மட்டும் நம்பிய பழைய முறை எப்படி ஏமாற்றியது என்பது 2005-ல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் தெரிந்தது. அங்கே ஒரு புலிகூட மிச்சமில்லை என்று தெரியவந்த பிறகுதான் முறையே மாற்றப்பட்டது.

இனி நம் தோட்டங்காட்டுக்கு வருவோம். காங்கயம், தாராபுரம், மூலனூர், பல்லடம் பக்கத்து விவசாயிகள் மயிலைப் பற்றியும், மலையடிவார ஊர்க்காரர்கள் காட்டுப்பன்றியைப் பற்றியும் கொடுக்காத மனு இல்லை. நிலக்கடலையும் தக்காளியும் மக்காச்சோளமும் போகிற நட்டம் உண்மை. "மயில் பத்து மடங்கு ஆகிவிட்டது" என்ற பேச்சுக்கு மட்டும் கணக்கு வேண்டும். மயிலுக்கு அந்தக் கணக்கை எடுப்பது யானையைவிட எளிது. ஒரு ஒன்றியத்தில் உள்ள கல்லூரி மாணவர்களைக் கொண்டே செய்யலாம்.

வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து சம இடைவெளியில் ஒரு கிலோமீட்டர் நீளக் கோடுகள் இருபது இழுக்கவேண்டும். கோடு எங்கே விழுகிறதோ அங்கேதான் நடக்கவேண்டும்: சோளக்காடானாலும் சரி, தென்னந்தோப்பானாலும் சரி, கொறங்காடானாலும் (மேய்ச்சல் நிலமானாலும்) சரி. எல்லோரும் செய்யும் தவறு இங்கேதான். நடக்கச் சுலபம் என்று இட்டேரியில், அதாவது இருபுறமும் வேலி உள்ள வண்டிப்பாதையில், நடந்துவிடுகிறார்கள். இட்டேரியின் இருபுறமும் கிளுவையும் வேலாமரமுமாக மயிலுக்கு நிழலும் மேய்ச்சலும் இருக்கும். விளைநிலத்தின் நடுவே இருப்பதைவிட அங்கே மயில் அதிகம். இட்டேரி அடர்த்தியை ஊர் முழுவதற்கும் பெருக்கினால் வரும் எண் வெறும் பூதம். வேலி குறுக்கே வந்தால் கடவு இருக்கும் இடம் வரை சுற்றிப்போய், மறுபடி அதே கோட்டில் ஏறவேண்டும். தோட்டத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. காலை 6 மணியிலிருந்து எட்டரைக்குள் நடந்து முடிக்கவேண்டும். மூன்று வெவ்வேறு நாளில் நடந்தால் 60 கிலோமீட்டர்.

மயில் தெரிந்ததும் முதலில் அது நின்ற இடத்தை மனதில் பதியவேண்டும். அது ஓடிய பிறகு நிற்கும் இடத்தை அளக்கக்கூடாது. ரேஞ்ச் ஃபைண்டரில் தூரம், காம்பஸில் கோணம். 80 மீட்டர் தூரம், நடக்கும் திசையிலிருந்து 30 பாகை என்றால் கோட்டிலிருந்து 40 மீட்டர். கண்ணளவில் எழுதினால் எல்லாமே 50, 100 என்று முழு எண்ணாகக் குவியும். முன்னால் 10 பாகையில் நிற்பதை "நேர் முன்னால்" என்று சுழியமாக எழுதிவிடுவார்கள். சுழியங்கள் கூடினால், பார்வை கோட்டை ஒட்டி மட்டும்தான் எட்டுகிறது என்று கணக்கு தவறாக எடுத்துக்கொண்டு, மயிலை ஒன்றரை, இரண்டு மடங்காகப் பெருக்கிக் காட்டும். மாறாக, ஆளைக் கண்டு மயில் ஒதுங்கிய பிறகே பார்த்தால், கோட்டோரம் காலியாகத் தெரிந்து விடை குறையும். கூட்டமாக மேய்ந்தால் கூட்டத்தின் நடுவுக்கு அளந்து, எத்தனை என்று தனியாக எழுதவேண்டும்.

எடுத்துக்காட்டாக, 60 கிலோமீட்டரில் 90 கூட்டம் கண்டோம், பார்வை பயனுள்ளதாக எட்டியது ஒரு பக்கம் 75 மீட்டர் என்று கணக்கு சொன்னால், உண்மையில் பார்த்த பரப்பு 60 × 0.15 = 9 சதுர கிலோமீட்டர். சதுர கிலோமீட்டருக்கு 10 கூட்டம். கூட்டத்துக்கு இரண்டரை என்றால் 25 மயில். 20 சதவீதப் பிழையோடு இதன் வீச்சு 17 முதல் 37 வரை. 60 முதல் 80 தடவையாவது பார்க்காமல் இந்தக் கணக்கைப் போடக்கூடாது. பத்துப் பதினைந்து தடவை பார்த்ததை வைத்து, தூரம் கூடக்கூடத் தெரிவது எவ்வளவு குறைகிறது என்ற வளைகோட்டை வரைந்தால் அது யாரை வேண்டுமானாலும் ஏமாற்றும்.

அகவலை எண்ணுவது இதற்கு மாற்றாகாது. அகவுவதில் பெரும்பங்கு ஆண், அதுவும் சித்திரை, வைகாசி இனப்பெருக்கக் காலத்தில். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசத் தொடங்கிவிட்டால் நூறு மீட்டர் தள்ளி அகவுவதுகூடக் கேட்காது. மாலையில் அடையும் மரங்களில் எண்ணுவதானால் இருவர் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் பேசாமல், எந்த மரத்தில் எந்தக் கிளையில் என்று எழுதவேண்டும். ஒருவர் 30, இன்னொருவர் 28, இருவரும் கண்டது 21 என்றால், மேலே சொன்ன திரும்பக் கிடைக்கும் கணக்குப்படி 30 × 28 ÷ 21 = 40. இருவருமாகச் சேர்ந்து பார்த்தது 37, தவறவிட்டது மூன்று. வெள்ளோட்டிலும் நஞ்சராயன் குளத்திலும் கொக்கு, நாரை எண்ணுவோருக்கும் இதே முறை உதவும். மறைவில் இருந்து இருவர் கண்ணுக்கும் தெரியாதவை எப்போதும் இதில் விடுபடும் என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும்.

காட்டுப்பன்றிதான் கடினம். இரவில் திரியும், ஒன்றுக்கொன்று அடையாள வேறுபாடு கிடையாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றை வனத்துறை சுட்டு அகற்ற 2025 ஜனவரியில் அரசு அனுமதித்த பிறகு, இந்தக் கணக்கு முன்னைவிட அவசியமாகிவிட்டது. ஒரே ஈற்றில் நாலைந்து குட்டி போடும் விலங்கில், இருந்தது எத்தனை என்று தெரியாமல், சுட்டதால் குறைந்ததா என்று எப்படிச் சொல்வது? தனி அடையாளம் தேவைப்படாத கேமரா முறை ஒன்று உண்டு. கேமரா முன் பன்றிக்கூட்டம் கடந்த தடவைகள், அது ஒரு நாளில் நடக்கும் தூரம், கேமரா உணரும் தூரம், உணரும் கோணம் ஆகிய நான்கும் போதும். 300 கேமரா-நாளில் (ஒரு கேமரா ஒரு நாள் இயங்கினால் ஒரு கேமரா-நாள்) 12 தடவை, நாளுக்கு 6 கிலோமீட்டர் நடை, 8 மீட்டர் தூரம், 40 பாகைக் கோணம் என்றால் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கூட்டம் வரும். நிபந்தனை ஒன்றுதான், கேமராவைப் பன்றித் தடத்தில் வைக்கக்கூடாது. படம் விழட்டும் என்று தடத்திலும் சேற்றுக் குழியிலும் வைத்து, 12 தடவை 36 ஆனால் பன்றியும் மூன்று மடங்காகிவிடும். 8 மீட்டர் என்பதையும் பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி எழுதக்கூடாது. ஆளே கேமரா முன் குனிந்து நடந்து, எத்தனை மீட்டரில் விளக்கு எரிகிறது என்று அளக்கவேண்டும். வெயில் காலத்தில் தரையும் உடம்பும் ஒரே சூடாக இருக்கும்போது உணரும் தூரம் சுருங்கிவிடும்.

தங்கள் நாளிதழின் செய்தியாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. அடுத்த முறை யானை, புலி, மயில், பறவை எதன் எண்ணிக்கை வெளியானாலும், அதிகாரிகளிடம் இவற்றைக் கேளுங்கள்: எத்தனை பிளாக், எத்தனை கிலோமீட்டர் நடந்தது, பார்க்காமல் விட்டதற்கு எப்படி ஈடு செய்தார்கள், லத்தியின் ஆயுள் எந்தக் காட்டில், எந்த வருடம் அளந்தது, வீச்சு எவ்வளவு. பதில் கிடைத்தால் எண்ணுக்குப் பக்கத்திலேயே வீச்சை அச்சிடுங்கள். இரண்டு ஆண்டு வீச்சுகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் "உயர்வு", "சரிவு" என்ற சொற்களைத் தலைப்பில் தவிர்த்துவிடுங்கள். வனத்துறை பீட் வாரியான படிவங்களை, யானை காணாத பிளாக்குகளின் சுழியங்கள் உள்பட, பொதுவில் வைக்கட்டும். அந்தச் சுழியங்கள் இல்லாமல் வேறு எவரும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
கானுயிர்க் கணக்கெடுப்புப் பயிற்சியில் ஈடுபட்டுள்ளோர்,
கோபிசெட்டிபாளையம்.